ஒரு வைத்திய நூலகத்தின் வரலாறு

நோயாளியின் கட்டிலருகே நிற்கும் வைத்தியர் ஒருவர், தாம் இதுவரை கண்டிராத நோய்க்குறியொன்றைக் காண்கின்றார். அவர் கற்ற நூல்களில் அதற்கு விளக்கம் இல்லை. உடனிருக்கும் வைத்தியர்களும் அதனை அறியார். ஆயினும், அதே குறியை வேறொரு நாட்டில் வேறொரு வைத்தியர் கண்டு, அதன் காரணத்தை ஆராய்ந்து, தீர்க்கும் வழியையும் ஒரு சஞ்சிகையில் எழுதிவைத்திருத்தல் கூடும். எழுதிவைத்த அந்தப் பக்கத்துக்கும் நோயாளி கிடக்கும் இந்தக் கட்டிலுக்கும் இடையே உள்ள தூரம் எவ்வளவு? அதனை எவ்வளவு விரைவில் கடக்கலாம்? ஓர் உயிரின் நிலை சில வேளைகளில் இக்கேள்வியின் விடையிலே தங்கியிருக்கின்றது.

அத்தூரத்தைக் குறைப்பதற்கென அமைந்ததே வைத்திய நூலகம். நூல்களைச் சேர்த்து இறாக்கைகளில் அடுக்கிவைப்பது அதன் பணியிற் பாதியே. இன்ன பொருள் இன்ன சஞ்சிகையில் இன்ன பக்கத்தில் உள்ளது என்று, கேட்டவருக்கு எடுத்துக் காட்டுவது மற்றப் பாதி. இதனை உசாத்துணைப் பணி என்பர். இப்பணி எவ்வாறு தோன்றியது, எவ்வாறு வளர்ந்தது, எங்கே இடறியது என்பதை அறிய விரும்புவோர்க்கு ஒரு நூலகத்தின் வரலாறே போதுமானது. அமெரிக்க ஐக்கிய நாட்டில், தலைநகராகிய வாஷிங்டனை அடுத்துள்ள பெதெஸ்டா என்னும் ஊரில் அமைந்திருக்கும் தேசிய வைத்திய நூலகமே அது.

இன்று உலகிலுள்ள வைத்திய நூலகங்களுள் மிகப் பெரியது எனப் போற்றப்படும் இந்நூலகத்தின் தொடக்கம் மிகச் சிறியது. 1836ஆம் ஆண்டில் அமெரிக்க இராணுவத்தின் தலைமை வைத்தியராக இருந்தவர் ஜோசப் லவெல் என்பவர். அவருடைய அலுவலகத்தில், இராணுவ வைத்தியர்களின் உபயோகத்துக்கென வைக்கப்பட்டிருந்த சில நூல்களே இந்நூலகத்தின் வித்தாயின. 1840ஆம் ஆண்டில் கையால் எழுதப்பட்ட முதற் பட்டியலில் 134 நூற்பெயர்களே காணப்பட்டன. ஒரு பள்ளிக்கூடத்து அலுமாரியில் அடங்கிவிடத்தக்க அச்சிறு சேர்க்கை, இருபத்தைந்து ஆண்டுகள் பெரிய வளர்ச்சி எதுவுமின்றி இருந்தது. அதனை வளர்க்க ஒரு மனிதர் வரவேண்டியிருந்தது.

ஜோன் ஷோ பில்லிங்ஸ் என்னும் அம்மனிதர் 1838ஆம் ஆண்டில் இந்தியானா மாநிலத்திற் பிறந்தவர். சின்சினாற்றி நகரில் ஒகையோ வைத்தியக் கல்லூரியிற் பயின்று 1860ஆம் ஆண்டிற் பட்டம் பெற்றார். பட்டம் பெறுமுன் ஆராய்ச்சிக் கட்டுரையொன்று எழுதுதல் வேண்டும் என்பது அக்கல்லூரியின் விதி. வலிப்பு நோய்க்குச் சத்திர சிகிச்சையாற் பயனுண்டா என்பதையே பில்லிங்ஸ் தமது பொருளாகக் கொண்டார். அச்சிகிச்சையை இதுவரை எத்தனைபேருக்குச் செய்தனர், எத்தனைபேர் பிழைத்தனர், எத்தனைபேர் இறந்தனர் என்பதே அவர் அறிய விரும்பிய செய்தி. எளிய வினாவே, ஆனால் விடை ஓரிடத்தில் இல்லை. பல நகரங்களில், பலருடைய புத்தகங்களில், சஞ்சிகைகளின் பழைய இதழ்களிற் சிதறிக்கிடந்த அதனைத் திரட்டுவதில் ஏறத்தாழ ஆறு மாதங்கள் கழிந்தன என்று அவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். அவ்வளவு பாடுபட்டும், தேவையான நூல்கள் முழுவதையும் கொண்ட நூலகம் ஒன்றேனும் அமெரிக்காவில் இல்லை என்பதையும், இருக்கும் நூல்களினுள்ளே இன்ன பொருள் எங்குளது என்று காட்டும் வழிகாட்டி எதுவும் இல்லை என்பதையுமே அவர் தெளிவாகக் கற்றுக்கொண்டார். அவர் வாழ்க்கையின் போக்கை நிர்ணயித்தவை இவ்விரு குறைகளே.

1861ஆம் ஆண்டில் அமெரிக்க உள்நாட்டு யுத்தம் மூண்டது. பில்லிங்ஸ் இராணுவ வைத்தியராகச் சேர்ந்து, காயமுற்றோருக்குப் போர்க்களங்களிற் சத்திர சிகிச்சை செய்தார். 1864ஆம் ஆண்டின் இறுதியில் தலைமை வைத்தியர் அலுவலகத்துக்கு மாற்றப்பட்டார். அடுத்த ஆண்டில் அங்கிருந்த நூலகம் அவருடைய பொறுப்பாயிற்று. யுத்தம் முடிந்து இராணுவ வைத்தியசாலைகள் மூடப்பட்டபோது, அவற்றின் கணக்குகளில் எஞ்சியிருந்த ஏறத்தாழ 80,000 டொலர் நூல் வாங்குவதற்குக் கிடைத்தது. யுத்தத்தின் மிச்சப் பணம் அறிவின் முதலாயிற்று.

1866ஆம் ஆண்டில் நூலகம் போர்ட் நாடகசாலை என்னும் கட்டடத்துக்குக் குடியேறியது. முந்திய ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் ஜனாதிபதி லிங்கன் சுடப்பட்ட நாடகசாலை அதுவே. அத்துயர நிகழ்ச்சியின்பின் அரசாங்கம் அதனைக் கையேற்று, இராணுவ வைத்தியக் காட்சிச்சாலைக்கும் நூலகத்துக்கும் உரியதாக்கிற்று. இருபதாண்டுகளுக்கு மேல் அங்கிருந்த நூலகம், 1887ஆம் ஆண்டில் தனக்கெனக் கட்டப்பட்ட செங்கற் கட்டடத்துக்குப் பெயர்ந்தது. அப்பெயர்ச்சி தக்க காலத்தில் நிகழ்ந்தது என்றே சொல்லவேண்டும். 1893ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அந்நாடகசாலையின் உட்டளங்கள் இடிந்து வீழ்ந்து, அங்கே கடமையாற்றிய எழுதுவினைஞர் 22 பேர் உயிரிழந்தனர்.

நூல் சேர்ப்பதில் பில்லிங்ஸ் காட்டிய ஊக்கம் வியக்கத்தக்கது. விற்பனையாளரிடம் விலைகொடுத்து வாங்கியவை ஒரு பங்கு. கேட்டுப் பெற்றவை மற்றொரு பங்கு. நாடெங்குமுள்ள வைத்தியர்களுக்குக் கடிதம் எழுதி, வீட்டுப் பரணில் தூசிபடிந்து கிடக்கும் பழைய சஞ்சிகைகளை அனுப்புமாறு வேண்டினார். பிறருக்கு வேண்டாத ஓரிதழே ஒரு தொடரின் குறையை நிரப்பும் என்பதை அவர் அறிந்திருந்தார். தம்மிடம் இரண்டாக இருந்தவற்றை அயல்நாட்டு நூலகங்களுக்குக் கொடுத்து, அவற்றிடமிருந்து வேறு நூல்களைப் பெற்றார். 1865ஆம் ஆண்டில் ஏறத்தாழ இரண்டாயிரம் நூல்களே இருந்த நூலகம், 1895ஆம் ஆண்டில் அவர் ஓய்வுபெற்றபோது ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட நூல்களை உடையதாயிருந்தது.

ஆனால், நூல் பெருகப்பெருகத் தேடுவோரின் இடரும் பெருகும். ஆறு மாதம் அலைந்த மாணவனின் நினைவு பில்லிங்ஸின் மனத்தைவிட்டு அகலவில்லை. ஆகவே, நூல்களின் பெயர்களை மட்டுமன்றி, சஞ்சிகைகளில் வெளிவந்த கட்டுரைகள் ஒவ்வொன்றையும் பொருள்வாரியாக வகுத்துக் காட்டும் பெரும் பட்டியல் ஒன்றை ஆக்கத் துணிந்தார். 1876ஆம் ஆண்டில் அதன் மாதிரிப் பகுதியொன்றை அச்சிட்டு வைத்தியர்களின் பார்வைக்கு அனுப்பினார். அதன் பயனை உணர்ந்த வைத்தியர்கள், முழுவதையும் அச்சிடப் பணம் ஒதுக்குமாறு நாட்டின் சட்டசபையை வற்புறுத்தினர். முதற்றொகுதி 1880ஆம் ஆண்டில் வெளிவந்தது. பதினாறாவது தொகுதி 1895ஆம் ஆண்டில் வெளிவந்தது. அத்துடன் முதல் வரிசை நிறைவுற்றது.

இப்பட்டியல் ஆக்கப்பட்ட முறை எளியது, உழைப்போ பெரியது. அன்றாடம் வந்துசேரும் சஞ்சிகைகளைப் பில்லிங்ஸ் மாலையில் தம் வீட்டுக்குக் கொண்டுசெல்வார். இரவில் அவற்றைப் புரட்டி, பட்டியலிற் சேர்க்கத்தக்க கட்டுரைகளின்மீது பென்சிலாற் குறியிடுவார். மறுநாள் எழுதுவினைஞர் அக்குறிகளைக் கண்டு, கட்டுரை ஒன்றுக்கு ஓர் அட்டையாக எழுதுவர். இங்கிலாந்திலே பிறந்த வைத்தியராகிய றொபேட் பிளெச்சர் என்பவர் அவருக்கு வலக்கரமாக விளங்கினார். பிழையற்ற அச்சும் தெளிவான வகுப்பும் பெரும்பாலும் பிளெச்சரின் கண்களாற் காக்கப்பட்டவை.

அகரவரிசையில் அமைந்த பெரும் பட்டியலுக்கு இயல்பான குறையொன்று உண்டு. முதல் எழுத்துக்குரிய தொகுதி 1880இல் அச்சேறினால், அவ்வெழுத்துக்குரிய பொருள்பற்றி அதன்பின் எழுதப்படுவன எல்லாம் அடுத்த வரிசை வரும்வரை பதினைந்து ஆண்டுகள் காத்திருத்தல் வேண்டும். நோயோ காத்திராது. இதனை முன்னரே உணர்ந்த பில்லிங்ஸும் பிளெச்சரும், மாதந்தோறும் புதிய கட்டுரைகளைச் சுட்டும் ‘இன்டெக்ஸ் மெடிக்கஸ்’ என்னும் வெளியீட்டை 1879ஆம் ஆண்டிலேயே தொடங்கினர். பழையதைத் தேடுவோருக்குப் பெரும் பட்டியல். புதியதைத் தேடுவோருக்கு மாத வெளியீடு. இவ்விரண்டும் ஒரு விளக்கின் இரு சுடர்கள்போல் இருந்து உலக வைத்தியர்களுக்கு வழிகாட்டின. அமெரிக்கா வைத்தியக் கலைக்கு அளித்த கொடைகளுள் இந்நூலகமும் அதன் பட்டியலும் தலையாயவை என்று, புகழ்பெற்ற வைத்தியப் பேராசிரியர் வில்லியம் வெல்ச் மதிப்பிட்டார்.

பட்டியல் ஒன்றே எல்லா வினாவுக்கும் விடையாகாது. மாதிரிப் பகுதி வெளிவந்த அதே 1876ஆம் ஆண்டில், மசச்சூசெற்ஸ் மாநிலத்து ஊஸ்டர் நகரப் பொது நூலகராகிய சாமுவேல் சுவெற் கிறீன் என்பவர் பிலடெல்பியாவில் நடைபெற்ற நூலகர் மகாநாட்டுக்கு ஒரு கட்டுரை வழங்கினார். வாசகர் நூலகத்துக்கு வரும்போது அவரை முகமலர்ந்து வரவேற்று, அவர் வேண்டுவது யாதென உசாவி அறிந்து, தேடித் தருதல் நூலகரின் கடமை என்பதே அக்கட்டுரையின் சாரம். உசாத்துணைப் பணியின் பிறப்புச் சாசனமாக அதனை நூலகவியலார் இன்றும் எடுத்துக் காட்டுவர். அதே ஊஸ்டர் நகரத்தவராகிய இன்னொரு கிறீன் யாழ்ப்பாணத்தாருக்கு அந்நியரல்லர். 1847ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்து, மானிப்பாயில் வைத்தியப் பணி புரிந்து, ஆங்கில வைத்தியத்தைத் தமிழிலே கற்பித்த டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீனே அவர். 1872ஆம் ஆண்டில் வெளிவந்த ‘மனுஷ அங்காதிபாதம்’ முதலிய பெருநூல்களை அவர் ஆக்கும்போது எதிர்ப்பட்ட முதல் இடர், ஒரு பொருளுக்கு ஒரு சொல்லை உறுதியாக வகுத்துக்கொள்வது. அதன்பொருட்டு அவர் கலைச்சொற்களையும் தொகுத்தார். சொல் நிலைபெறாத இடத்தில் அறிவைத் தேடுதல் அரிது என்னும் உண்மையை வாஷிங்டன் நூலகமும் பின்னர் தன் அனுபவத்தாற் கண்டது.

பில்லிங்ஸின் கைபட்ட பணிகள் வேறுமுண்டு. அவற்றுள் இரண்டை இங்கே குறித்தல் வேண்டும். பால்ற்றிமோர் நகரில் 1889ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையின் அமைப்பைத் திட்டமிட்டவர் அவரே. இஃது ஒன்று. அமெரிக்கக் குடிசன மதிப்பில் பிறப்பு இறப்புக் கணக்குகளை மேற்பார்வை செய்த காலத்தில், மலைபோற் குவிந்த தாள்களைக் கையால் எண்ணுவதைவிட யந்திரத்தால் எண்ணும் வழி இருத்தல் வேண்டும் என்று ஹெர்மன் ஹொலரித் என்னும் இளம் பொறியியலாளரிடம் கூறினார். அக்குறிப்பைப் பற்றிக்கொண்ட ஹொலரித், துளையிட்ட அட்டைகளைப் படித்து எண்ணும் யந்திரத்தை அமைத்தார்; அது 1890ஆம் ஆண்டின் குடிசன மதிப்பிற் பயன்பட்டது. இன்றைய கணனியின் முன்னோர்களுள் அதுவும் ஒன்று. இராணுவ நூலகத்திலிருந்து ஓய்வுபெற்றபின், நியூயோர்க் பொது நூலகத்தின் முதற் பணிப்பாளராக இருந்து, 1913ஆம் ஆண்டில் பில்லிங்ஸ் காலமானார். அவர் விதைத்த இவ்விரண்டும் பின்னர் இந்நூலகத்தின் கதையில் மீண்டும் வந்து சேர்ந்தன. ஒன்று வரமாக வந்தது. மற்றது எச்சரிக்கையாக வந்தது.

நிறுவியவர் நீங்கியபின் பணி தளர்வது உலக இயல்பு. போதிய பணமின்றி ‘இன்டெக்ஸ் மெடிக்கஸ்’ 1899ஆம் ஆண்டில் நின்றுபோயிற்று. பாரிஸ் நகரில் வெளிவந்த ஒரு சுட்டி அக்குறையைச் சிலகாலம் ஓரளவு நிரப்பிற்று. 1903ஆம் ஆண்டில் கார்னகி நிறுவனத்தின் பொருளுதவியால் ‘இன்டெக்ஸ் மெடிக்கஸ்’ புத்துயிர் பெற்றது. 1927ஆம் ஆண்டில் அமெரிக்க வைத்தியச் சங்கத்தின் சுட்டியுடன் இணைந்தது. இரண்டாவது உலக யுத்தம் வந்தபோது பழைய செங்கற் கட்டடம் நிரம்பி வழிந்தது. கிடைத்தற்கரிய பழஞ்சுவடிகள் 1942ஆம் ஆண்டிற் கிளீவ்லாந்து நகருக்கு அனுப்பப்பட்டன. புதிய கட்டுரைகளின் பெயர்களை உடனுக்குடன் அறிவிக்கும் சிறு பட்டியலொன்று 1941ஆம் ஆண்டிலே தொடங்கியது. கடல்கடந்த போர்முனைகளில் இருந்த வைத்தியர்களுக்கு வேண்டிய பக்கங்கள் நுண்படச் சுருள்களாக அனுப்பப்பட்டன. நூல் செல்லமுடியாத இடத்துக்கு நூலின் நிழல் சென்றது.

யுத்தத்தின்பின் வைத்திய ஆராய்ச்சி வெள்ளம்போற் பெருகியது. இராணுவத்தின் உடைமையாகவே இருந்த நூலகத்தை நாட்டு மக்கள் அனைவருக்கும் உரியதாக்கும் சட்டத்தை, செனற்றர் லிஸ்டர் ஹில்லும் பின்னர் ஜனாதிபதியான செனற்றர் ஜோன் கென்னடியும் முன்மொழிந்தனர். 1956ஆம் ஆண்டில் அது நிறைவேறித் தேசிய வைத்திய நூலகம் என்னும் பெயர் நிலைபெற்றது. 1962ஆம் ஆண்டில் பெதெஸ்டாவிலுள்ள புதிய கட்டடத்திலே நூலகம் இயங்கத் தொடங்கியது. அன்று பணிப்பாளராக இருந்தவர் பிராங்க் றொஜர்ஸ் என்னும் வைத்தியர். பென்சிற் குறியும் எழுதுவினைஞர் கையும் இனிப் போதா என்பதை அவர் கண்டார். ஆதலாற் கணனியின் துணையை நாடினார். 1964ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் ‘மெட்லார்ஸ்’ என்னும் கணனி முறை தொழிற்படலாயிற்று. துளையட்டை யந்திரத்துக்கு வித்திட்டவர் வளர்த்த நூலகத்துக்கே அதன் வழித்தோன்றல் வந்துசேர்ந்தது.

கணனி விரைந்து தேடும், ஆனால் பொருளறியாது. ஒரே நோயைச் சலரோகம் என்பார் ஒருவர். நீரிழிவு என்பார் மற்றொருவர். சீனி வருத்தம் என்பார் வேறொருவர். மூன்றும் ஒன்றென்று மனிதன் அறிவான், யந்திரம் அறியாது. ஆகவே, ஒரு பொருளுக்கு ஒரு தலைப்பு என வரையறுத்த சொற்றொகுதியொன்று 1960ஆம் ஆண்டிலேயே வெளியிடப்பட்டது. ஆசிரியர் எந்தச் சொல்லை ஆண்டிருந்தாலும், கட்டுரையைப் படித்துப் பார்க்கும் சுட்டியாளர் அதற்குரிய தலைப்பையே அதன்மேல் இடுவார். பெரும் பிரிவின்கீழ்ச் சிறு பிரிவும் அதன்கீழ் நுண்பிரிவுமாக மரமும் கிளையும்போல் அமைந்தமையால், இதய நோய்கள் எனப் பொதுவாகக் கேட்பவருக்கும், இதயத்தின் ஒரு வாயிலில் உண்டாகும் கோளாறு எனக் குறிப்பாகக் கேட்பவருக்கும் அது பயன்பட்டது. நாலாயிரத்துச் சொச்சம் தலைப்புகளுடன் தொடங்கிய அத்தொகுதி, ஆண்டுதோறும் திருத்தம் பெற்று இன்று முப்பதினாயிரம் அளவில் வளர்ந்துள்ளது.

அக்காலத்தில் வைத்தியர் ஒருவர் தம் வினாவுக்கு விடைபெற்ற முறையைச் சற்று நோக்குதல் நன்று. அவர் தமது தேவையைக் கடிதமாக எழுதி நூலகத்துக்கு அனுப்புவார். பயிற்சி பெற்ற நூலகர் ஒருவர் அதனைப் படித்து, வரையறுத்த தலைப்புகளாக மாற்றி, இதுவும் இதுவும் சேர்ந்திருத்தல் வேண்டும், இது இல்லாதிருத்தல் வேண்டும் எனக் கணனிக்கு உரிய கட்டளையாக அமைப்பார். பல வினாக்கள் சேர்ந்தபின் காந்த நாடா முழுவதும் தொடக்கம் முதல் இறுதிவரை படிக்கப்படும். கிடைத்த பட்டியல் அச்சிடப்பட்டுத் தபாலிற் செல்லும். இவ்வளவும் முடியச் சில வாரங்கள் ஆகும். வினா தவறாக அமைந்திருந்தால் அத்தவறு தெரியவருவதும் அவ்வாரங்கள் கழிந்தபின்னரே.

இம்முறையின் தகுதியை வில்பிரட் லங்காஸ்டர் என்பவர் பரிசோதித்து, 1968ஆம் ஆண்டில் அறிக்கை வெளியிட்டார். கிடைக்கவேண்டிய கட்டுரைகளுள் சராசரி நூற்றுக்கு ஏறத்தாழ 58 பங்கே கிடைத்தன. கிடைத்தவற்றுள் உண்மையாகப் பயன்பட்டவை ஏறத்தாழப் பாதி. தன் குறையைத் தானே அளந்து உலகறிய வெளியிட்டமை அந்நூலகத்தின் பெருமை. அவ்வறிக்கையில் ஒரு நுட்பமும் வெளிப்பட்டது. கேட்பவர் முதலிலேயே கணனித் தலைப்புகளைப் பார்த்து அவற்றுக்கேற்பத் தம் வினாவைச் சுருக்கிவிடுவாராயின், வேண்டியது ஒன்றாகவும் கேட்டது வேறொன்றாகவும் முடிந்துவிடும். தமக்கு வேண்டியதைத் தம் சொந்த மொழியில் முழுமையாக முதலில் எழுதிவிடுதலே நலம். அதனைத் தலைப்புகளாக மாற்றுவது நூலகரின் வேலை. வினாவைச் சரியாக அறிவதே விடையிற் பெரும் பகுதி என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா.

1971ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில் ‘மெட்லைன்’ பிறந்தது. தொலைபேசிக் கம்பி வழியாக, தொலைவிலுள்ள நூலகரொருவர் கணனியுடன் நேரே உரையாடும் வசதி அதனால் ஏற்பட்டது. தொடக்கத்தில் ஒரே நேரத்தில் 25 பேர் அளவிலேயே அதனைப் பயன்படுத்த முடிந்தது. எனினும், வாரக்கணக்கு நிமிடக்கணக்காகக் குறைந்தது. தவறிய வினாவை உடனே திருத்திக் கேட்கவும் முடிந்தது. அதே 1971ஆம் ஆண்டில், மிசூரி மாநிலத்துக் கன்சாஸ் நகரிலே கேற்றூட் லாம்ப் என்னும் அம்மையார் மற்றொரு புதுமையைத் தொடக்கிவைத்தார். வைத்தியர்கள் காலையில் நோயாளரைச் சுற்றிப் பார்க்கும்போது நூலகரும் உடன் செல்வார். கட்டிலருகே எழும் வினாவை அங்கேயே கேட்டறிந்து, நூலகத்துக்குத் திரும்பி, விடையைத் தேடிக் கொண்டுவருவார். வாசகர் நூலகத்தை நாடிவரும் முறை மாறி, நூலகர் வினாவை நாடிச்செல்லும் முறை அமைந்தது.

அடுத்த மாற்றம் மிகப் பெரியது. 1997ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ‘பப்மெட்’ என்னும் இணையவழித் தரவுத்தளம் கட்டணமின்றி எவரும் தேடத்தக்கதாக முறைப்படி திறந்துவைக்கப்பட்டது. அதுகாறும் கட்டணம் செலுத்தியோரும் பயிற்சி பெற்றோருமே நுழைந்த வாயிலுள், உலகின் எந்த மூலையிலுள்ள வைத்தியரும், மாணவரும், நோயாளியும் நுழையலாயினர். இன்று மூன்றரைக் கோடிக்கு மேற்பட்ட குறிப்புகள் அதில் உள்ளன. ஆறு மாதம் அலைந்த பில்லிங்ஸின் வினாவுக்கு இன்று முதல் விடை சில விநாடிகளிற் கிடைக்கும். அச்சில் வந்த ‘இன்டெக்ஸ் மெடிக்கஸ்’ தன் கடமையை முடித்துக்கொண்டு 2004ஆம் ஆண்டின் இறுதியில் நின்றது.

கதை இத்துடன் இன்பமாக முடிந்திருக்கலாம். ஆனால் 2001ஆம் ஆண்டில் நிகழ்ந்த ஒரு மரணம் உலக வைத்தியரையும் நூலகரையும் திடுக்குறச் செய்தது. தொய்வு நோயின் இயல்பை அறியும்பொருட்டு, நல்ல சுகத்தோடிருந்த தொண்டர் சிலருக்கு ஹெக்ஸமெதோனியம் என்னும் மருந்தைச் சுவாசத்தின்வழி கொடுத்துப் பரிசோதித்தனர். பரிசோதனை நடந்த இடம் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகம். பில்லிங்ஸ் திட்டமிட்ட வைத்தியசாலையின் பெயரைக் கொண்ட அதே நிலையம். மருந்தைச் சுவாசித்த 24 வயது இளம்பெண் ஒருவரின் நுரையீரல்கள் கெட்டு, ஜூன் மாதம் இரண்டாந் திகதி அவர் உயிர்நீத்தார்.

அந்த மருந்து புதியதன்று. இரத்த அழுத்தத்தைத் தணிப்பதற்கென 1950ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் வழங்கியது. அதனை உட்கொண்டோர் சிலருடைய நுரையீரல்களிற் கேடு விளைந்தமையும் அக்காலச் சஞ்சிகைகளில் எழுதப்பட்டிருந்தது. பரிசோதனை தொடங்குமுன் தரவுத்தளம் தேடப்படாமலுமில்லை. ஆனால் அன்று பப்மெட் 1966ஆம் ஆண்டுவரையே பின்னோக்கிச் சென்றது. அதற்கு முந்திய கட்டுரைகளைக் காட்டவல்ல அச்சுச் சுட்டிகள் நூலக இறாக்கைகளில் இருந்தன. அவற்றைப் புரட்டியிருந்தால் அந்த எச்சரிக்கை கண்ணிற் பட்டிருக்கக் கூடும். ஆய்வை மேற்பார்வை செய்த முறையிலும் குறைகள் இருந்தமையால், இம்மரணத்துக்கு ஒரு காரணத்தை மட்டும் கூறுதல் முறையன்று. அப்பல்கலைக்கழகத்தில் அரசாங்கப் பணத்தால் நடைபெற்ற மனிதப் பரிசோதனைகள் பெரும்பாலனவற்றை அவ்வாண்டு ஜூலை மாதத்தில் அரசாங்கம் சிலநாள் நிறுத்திவைத்தது. எனினும், எழுதப்பட்டு, அச்சிடப்பட்டு, சுட்டியிலும் சேர்க்கப்பட்டிருந்த ஓர் அறிவு வேண்டிய வேளையில் வேண்டியவர் கையை அடையவில்லை என்பது மறைக்கமுடியாத உண்மை.

இந்நிகழ்ச்சி கற்பித்த பாடம் தெளிவானது. தரவுத்தளம் ஒன்று தன்னிடம் இருப்பதைக் காட்டும்; தன்னிடம் இல்லாதது எது என்று தானாக எச்சரிக்காது. விடை வரவில்லையென்றால், உலகில் விடையே இல்லையென்று கருதிவிடுதல் எளிது. ‘இந்தத் தளம் எந்த ஆண்டிலிருந்து தொடங்குகின்றது? எந்தச் சஞ்சிகைகளை இது கொள்ளவில்லை? அதற்கு முன்னையவற்றை எங்கே பார்ப்பது?’ என்று கேட்கும் பழக்கம் நூலகருக்குத் தொழிலாற் கைவந்தது. ஆபத்தான ஆராய்ச்சியைத் தொடங்குமுன் பயிற்சி பெற்ற நூலகரின் துணையோடு தேடுதல் வேண்டும் என்னும் கருத்து அதன்பின் வலுப்பெற்றது. பழைய அச்சுச் சுட்டிகளின் குறிப்புகளும் படிப்படியாகக் கணனியில் ஏற்றப்பட்டு, இன்று மெட்லைனின் குறிப்புகள் 1946ஆம் ஆண்டுவரை பின்செல்கின்றன. பில்லிங்ஸ் தொடங்கி 1961ஆம் ஆண்டுவரை வெளிவந்த பெரும் பட்டியலும் 2004ஆம் ஆண்டில் இணையத்திலே தேடத்தக்கதாயிற்று. அவருடைய பென்சிற் குறிகள் மீண்டும் உயிர்பெற்றன.

இன்னும் கடக்கவேண்டிய தூரம் ஒன்றுண்டு. கட்டுரை எங்குளது என்று அறிதல் ஒன்று. அக்கட்டுரையைப் படிக்கப் பெறுதல் மற்றொன்று. சஞ்சிகைகளின் சந்தா வளம் குறைந்த நாடுகளின் வைத்தியசாலைகளுக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. இதனைக் கருதி, உலக சுகாதார நிறுவனம் 2002ஆம் ஆண்டு ஜனவரியில் ஆறு பெரும் பதிப்பகங்களுடன் சேர்ந்து ‘ஹினாரி’ என்னும் திட்டத்தைத் தொடக்கிற்று. வருமானம் குறைந்த நாடுகளின் நிலையங்கள் அதன் வாயிலாகச் சஞ்சிகைகளை இலவசமாகவோ சிறு கட்டணத்துடனோ படிக்கும் வழி பிறந்தது. அவ்வழியிலும் பயன்பெற, இன்னது உண்டு, இன்னவாறு தேடுக என்று காட்டும் ஒருவர் ஒவ்வொரு வைத்தியசாலையிலும் வேண்டும்.

நூற்றெண்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட இவ்வரலாற்றிற் கருவிகள் பல மாறின. கையெழுத்துப் பட்டியல் அச்சுப் பட்டியலாயிற்று, அட்டை நாடாவாயிற்று, நாடா கம்பியாயிற்று, கம்பி இணையமாயிற்று. மாறாதது ஒன்று. நோயுற்ற ஒருவருக்காக மற்றொருவர் ஒரு வினாவோடு வருகின்றார். அவருடைய சொற்களைப் பொறுமையாகக் கேட்டு, அவற்றின்கீழ் உள்ள தேவையை அறிந்து, புதியதிலும் பழையதிலும் தேடி, கிடைத்ததையும் கிடைக்காததையும் மறையாது கூறும் ஒருவர் அங்கே இருத்தல் வேண்டும். வைத்தியசாலையில் மருந்துக் களஞ்சியத்தைப் பூட்டிவைத்துவிட்டுத் திறப்பைத் தொலைப்பார் எவருமிலர். அறிவுக் களஞ்சியத்தின் திறப்பும் அவ்வாறே காக்கப்படுதல் வேண்டும். அத்திறப்பைக் கையிற் கொண்டு நிற்பவர், வைத்தியசாலையின் ஓர் ஓரத்து அறையில் அமைதியாகப் பணிபுரியும் அந்த நூலகரே.